பட்டம் வாங்கிய கையோடு பெட்டையைக் குட்டிக்கு விடலாமா?

ஏற்காடு கோடை விழா நாய் கண்காட்சி முடிந்த வாரமெல்லாம் சேலத்து நாய் வட்டாரத்தில் ஒரே பேச்சுதான்: "பெட்டை ஜெயிச்சிருச்சே, எப்போ குட்டி?" விப்பெட் என்ற ஒல்லியான ஓட்ட நாய் என்றால் இந்தக் கேள்வி இன்னும் சூடாக வரும். நம் பக்கம் எண்ணிக்கை குறைவு, கேட்பவர்கள் அதிகம். இங்கிலாந்தின் பெரிய நாய் கண்காட்சியான கிரஃப்ட்ஸில் 2018-ல் டீஸ், 2025-ல் மியூச்சா என இரண்டு விப்பெட் பெட்டைகள் உச்சப் பட்டம் வாங்கியதைப் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது இயல்பு.

ஆனால் பட்டம் என்பது உடலமைப்புக்கும் நடைக்கும் கிடைத்த சான்று, அவ்வளவுதான். 44 முதல் 47 செ.மீ. உயரம், ஆழமான நெஞ்சு, இடுப்புக்கு மேல் இதமான வளைவு, கத்தரிக்கோல் கடி (மேல் பல் கீழ்ப் பல்லை ஒட்டி முன்னால் மூடுவது), தரையை ஒட்டி நீண்டு போகும் முன்னங்கால். நடுவர் மேசை மேல் நிறுத்தித் தடவிப் பார்ப்பதும், ஓடவிட்டுப் பார்ப்பதும் இதைத்தான். இதயத்தில் மர்மர் (துடிப்போடு வரும் அசாதாரண சத்தம்) இருக்கிறதா, ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் ஒளிந்திருக்கிறதா என்பதெல்லாம் போட்டிக் களமான ரிங்கில் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர் வளர்ப்பவர். பட்டம் கிடைத்த அடுத்த ஹீட்டிலேயே, அதாவது அடுத்த இனச்சேர்க்கைப் பருவத்திலேயே, சேர்த்துவிடுவதை நான் முழுமூச்சாக எதிர்ப்பது இதனால்தான்.

மத்திய அரசின் 2017 விதிகளின்படி பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு ஈத்து (ஒரு முறை குட்டி போடுவது), வாழ்நாளில் 5 ஈத்து, அதற்கு மேல் கூடாது. 5 என்பது உச்சவரம்பு. அதை எட்டியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நல்ல விப்பெட்டுக்கு மூன்று ஈத்தே போதும் என்பேன்.

சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை: இரண்டு நாய்களுக்கும் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்குப் பரிசோதனை. ஸ்டெதஸ்கோப்பில் சந்தேகம் வந்தால் இதய ஸ்கேனான எக்கோ. உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. காபித் தோட்டத்தில் வளரும் நாய்க்கு உண்ணி தப்பாது. சினையான பிறகு எர்லிக்கியா தெரிந்தால் சங்கடம் இரட்டிப்பு. அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் வயிற்றுக் குட்டிகளின் பல்லையும் எலும்பையும் பாதிக்கக்கூடியது. பிறகு பெடிகிரி, அதாவது வம்சாவளிப் பட்டியல். ஐந்து தலைமுறையை விரித்துப் படியுங்கள். எண்ணிக்கை குறைந்த இனத்தில், ஜெயித்த ஒரே கடுவனிடம் எல்லோரும் ஓடினால் அடுத்த தலைமுறையில் எல்லாமே ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்த இரண்டைச் சேர்த்தாலே உட்கலப்பு (நெருங்கிய உறவுக் கலப்பின் அளவு) 12.5 சதவீதம், அப்பன்-மகள் என்றால் 25.

அடுத்து நாள் கணக்கு. முதல் சொட்டு ரத்தம் கண்டதிலிருந்து எண்ணி 11, 13-ஆம் நாளில் சேர்ப்பது இங்கே வழக்கம். பாதி தோல்விக்கு இதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து. சில பெட்டைகள் எட்டாம் நாளே முட்டை விடும், சில இருபதைத் தாண்டும். ஆறாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவு பாருங்கள். மனிதர்களுக்கான லேபிலும் பார்க்கலாம், ஆனால் கடைசி வரை ஒரே லேபில் பார்க்க வேண்டும். ஒரு மில்லி லிட்டருக்கு 2 நானோகிராமை நெருங்கினால் உடல் தயாராகிறது, 5-ஐ ஒட்டி முட்டை வெளியாகிறது. நாயின் முட்டை முதிராமல்தான் வெளியே வரும், முதிர இரண்டு நாள் பிடிக்கும். ஆகவே முட்டை விட்ட இரண்டாம் நாளும் நான்காம் நாளும் சேர்த்தால் சரியாக இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ஈனலாம். முட்டை விட்ட நாளிலிருந்து எண்ணினால் 63, ஒரு நாள் முன்பின். சிசேரியன் தேவைப்பட்டால் இந்தத் தேதிதான் குட்டிகளைக் காப்பாற்றும்.

சினை உறுதியானதும் வீட்டில் கால்சியம் டானிக் பாட்டில் வந்துவிடுகிறது. தயவுசெய்து அதைத் தூர வையுங்கள். வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும் பாராதைராய்டு சுரப்பி சோம்பிவிடும். ஈன்று இரண்டு முதல் நான்கு வாரத்தில் பால் பெருகும்போது ரத்தத்தில் கால்சியம் சட்டென்று விழும். இளைப்பு, நிலைகொள்ளாமை, விறைத்த நடை, நடுக்கம், பிறகு வலிப்பு. இது அவசர நிலை. குட்டிகளை உடனே பிரித்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். அவர் இதயத் துடிப்பைக் கவனித்தபடி நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றுவார். வீட்டில் ஊசி போடும் வேலையே வேண்டாம். உணவைப் பொறுத்தவரை முதல் ஐந்து வாரம் வழக்கமான அளவு போதும். அதன் பிறகு மெல்ல ஏற்றி, ஈனும் சமயத்தில் கால் பங்கு முதல் அரைப் பங்கு கூடுதல். பால் உச்சத்தில் இருக்கும் மூன்றாம் நான்காம் வாரத்தில் இரண்டு மூன்று மடங்குகூடக் கேட்பாள், கொடுங்கள்.

சினைக் காலத்தில் நடை வேண்டும், வேட்டை ஓட்டம் வேண்டாம். எஸ்டேட்டில் அவிழ்த்துவிட்டால் முயலைக் கண்ட நொடியில் முள்கம்பியையும் கவாத்து செய்த காபிக் குச்சியையும் பார்க்க மாட்டாள். விப்பெட்டின் தோல் மெல்லியது, காகிதம் போலக் கிழியும்.

55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளை எண்ணிவிடுங்கள். கடைசி வாரம் தினமும் இரண்டு வேளை வெப்பநிலை. 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனுவாள். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் கசிகிறது, எக்ஸ்ரே எண்ணிக்கைப்படி குட்டி பாக்கி இருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அசைவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, கடைசி வாரமே சேலத்தில் தங்க வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு வாரம் தன் உடல் சூட்டைக் காக்கத் தெரியாது. முதல் வாரம் குட்டிகள் கிடக்கும் இடம் 29-32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஏற்காட்டு மார்கழி இரவுக்கு விளக்கு அவசியம், அதைப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிடுங்கள். தாய்க்கு விலகிப் படுக்க இடம் வேண்டும். கரண்ட் போனால் துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில். சித்திரை வெயிலில் சேலம் வீட்டில் கதை தலைகீழ்: குட்டிக்குச் சரியான சூடு, தாய்க்கு இளைப்பு. தினமும் ஒரே நேரத்தில் டிஜிட்டல் தராசில் எடை எழுதுங்கள். முதல் நாள் சற்றுக் குறையலாம். இரண்டாம் நாளும் ஏறாத குட்டிக்கு ஏதோ கோளாறு. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்பது சட்டம்.

ரிங்குக்குத் திரும்புவது பற்றி அவசரப்படுத்துபவர்களுக்கு: சினை இரண்டு மாதம், பால் இரண்டு மாதம், அதன் பிறகு முடி கொட்டும், அடிவயிற்றுக் கோடு தொங்கும், தசை கரையும். இதெல்லாம் சரியாவதற்கு இன்னும் மூன்று மாதம். அதிகாலையில், தார் ரோடு சுடுவதற்கு முன், சீரான பெருநடைதான் தசையைத் திருப்பித் தரும்.

கடைசி ஈத்து முடிந்தால் கருப்பையை எடுத்துவிடுங்கள். ஹீட் முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் வரும் பயோமெட்ரா, அதாவது கருப்பையில் சீழ் கட்டுவது, வயதான பெட்டையின் உயிரைக் குடிக்கும் நோய். அறுவைக்கு முன் இது சைட்ஹவுண்ட் (கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய் வகை) என்று மருத்துவரிடம் சொல்லி, தயோபென்டோன் மயக்க மருந்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். உடலில் கொழுப்பு குறைவு, அந்த மருந்தை உடைக்கும் ஈரல் வேகமும் குறைவு என்பதால் மயக்கம் தெளிய வெகுநேரமாகும். புரோபோஃபால் போன்றவை பாதுகாப்பு. மேசையிலேயே உடல் குளிர்ந்துவிடும் என்பதால், வீட்டிலிருந்து இரண்டு கம்பளி எடுத்துப் போங்கள்.