கவிதையின் மேல் பீட் போட்டால் ராப் ஆகிவிடாது

டிரினிடாடிலும் ஜமைக்காவிலும் பார்படோஸிலும் கவிதை மேடையிலிருந்து ஹிப்ஹாப்புக்கு வரும் இளைஞர்கள் நிறையப் பேர். ஸ்லாம் எனப்படும் கவிதை சொல்லும் போட்டியில் 3 நிமிடக் கவிதை ஒன்றைச் சொல்லி அரங்கத்தையே எழுந்து நிற்க வைப்பார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் இணையத்தில் ஒரு பீட் (குரலில்லாத தாள இசை) எடுத்து, அதே கவிதையை அப்படியே அதன்மேல் படித்து, முதல் பாட்டு என்று வெளியிடுவார்கள். பெரும்பாலும் அது எடுபடுவதில்லை. உடனே, "இங்கே சோக்காவும் டான்ஸ்ஹாலும்தான் ஓடும், ராப் கேட்க ஆளில்லை" என்று தீவுகளின் ஆட்ட இசைகளைக் காட்டிப் பேச்சு கிளம்பும். இதை நான் ஏற்கவில்லை. கேட்க ஆள் இருக்கிறது. கவிதைதான் பாட்டாக மாறவில்லை. மேடைக்காக எழுதியதை பீட்டுக்காக மறுபடி எழுத யாரும் உட்காருவதில்லை.

ராப் என்பது நியூயார்க்கிலிருந்து தீவுகளுக்கு வந்திறங்கிய சரக்கு என்று தீவுகளிலேயே பலர் நினைக்கிறார்கள். ஆனால், ஹிப்ஹாப் பிறந்த நாளாகச் சொல்லப்படும் 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தில் இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் அமெரிக்கா போனவர். அந்த விருந்துக்கு மூன்று வருடம் முன்பே, பாட்டின் குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் வைத்த 'வெர்ஷன்' மேல் பேசிப் பேசியே யு-ராய் ஜமைக்கா தரவரிசையின் முதல் மூன்று இடங்களையும் பிடித்துவிட்டார். டிரினிடாடில் 1971இல் லான்ஸ்லாட் லேன் பதிவுசெய்த 'ப்ளோ அவே'யைத்தான் கலிப்சோ பாட்டோடு தாளப் பேச்சைக் கலந்த ராப்சோவின் முதல் பதிவாகச் சொல்கிறார்கள். அதை இயக்கமாக வளர்த்தவர் 2021இல் மறைந்த பிரதர் ரெசிஸ்டன்ஸ். இன்னும் பின்னால் போனால் கார்னிவலின் மிட்நைட் ராபர் வேடம் இருக்கிறது. அகலமான தொப்பியும் விசிலுமாக வழிமறித்து, தன் பிறப்பைப் பற்றியும் தான் அழித்த ஊர்களைப் பற்றியும் மூச்சுவிடாமல் வீரவசனம் பேசிக் காசு கேட்பார். ராப்பின் தற்பெருமைப் பேச்சு முழுக்க அதற்குள் இருக்கிறது. ஆகவே கரீபியக் கவிஞர் ராப்புக்கு வருவதற்கு அமெரிக்க உச்சரிப்பை இரவல் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தப் பாதையைப் புரிந்துகொள்ள ஒருவரை மட்டும் படிக்கலாம் என்றால் லிண்டன் குவேசி ஜான்சனைச் சொல்வேன். ஜமைக்காவின் சேப்பல்டனில் 1952இல் பிறந்து 1963இல் லண்டன் சேர்ந்தவர். அவர் ராப்பர் அல்ல, ரெக்கே தாளத்தில் கவிதை சொல்லும் டப் கவிஞர். ஆனால் அவர் போன வரிசை முக்கியம். முதலில் ராஸ்டா லவ் என்ற குழுவின் மேளக்காரர்களோடு கவிதை சொன்னார். 1975இல் 'ட்ரெட் பீட் அண்ட் பிளட்' நூலாக வந்தது, 1978இல் அதே பெயரில் ஆல்பம் வந்தது. இசைத் தயாரிப்பாளர் டென்னிஸ் போவெல்லோடு நீண்ட கூட்டும் அமைந்தது. 1981இல் சொந்தமாக எல்கேஜே ரெக்கார்ட்ஸ் தொடங்கினார். எழுதும்போதே ஒரு பேஸ் (கீழ்ச்சுர கிட்டார்) வரி மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் பதிவுகளைக் கேட்டால் இது புரியும்: வரி முடிந்ததும் குரல் நின்றுவிடும், அந்த இடத்தில் பேஸ் பதில் சொல்லும். நூலுக்கும் ஆல்பத்துக்கும் இடையே மூன்று வருடம். இப்போது மூன்று நாள்கூட எடுத்துக்கொள்வதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 4/4 தாளம், 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி 0.67 நொடி, நான்கு அடி கொண்ட ஒரு பார் 2.67 நொடி, 16 பார் கொண்ட வெர்ஸ் (சரணம்) 43 நொடி. இரண்டு வெர்ஸ், மூன்று முறை வரும் 8 பார் ஹூக் (பல்லவி) என்றால் மொத்தம் 56 பார், அதாவது இரண்டரை நிமிடப் பாட்டு. ஒரு பார் நிம்மதியாகத் தாங்குவது 8, 9 சொற்கள்தான். இரண்டு வெர்ஸுக்கும் சேர்த்து 280 சொல்லுக்குள் முடிக்க வேண்டும். 3 நிமிட ஸ்லாம் கவிதையில் 400 முதல் 450 சொற்கள் இருக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயாக வேண்டும்.

எதை வெட்டுவது என்பதில்தான் கவிஞர்கள் வழுக்குகிறார்கள். வாதத்தை வைத்துக்கொண்டு காட்சிகளை வெட்டிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். மேடையில் கை அசைவும் முகமும் தூக்கிப் பிடித்த விளக்க வரிகள் ஒலிப்பதிவில் சப்பென்று விழும். முதலில் போகவேண்டியவை அவை. காட்சி வரி ஒவ்வொன்றும் ஒரு பாருக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

ஒரு வரியை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். தகரக் கூரையில் மழை. புத்தக ஆங்கிலத்தில் எழுதினால்: "தி ரெயின் அப்பான் தி ரூஃப் ஆஃப் கால்வனைஸ் கெப்ட் பீட்டிங் த்ரூ தி நைட்." எண்ணினால் 16 அசை. ஒரு பாரில் பதினாறில் ஒரு பங்குச் சுரங்கள் சரியாகப் பதினாறு இருக்கின்றன. எல்லாமே நிரம்பிவிட்டது, மூச்சு விட இடமில்லை, அழுத்தம் எங்கே விழுகிறது என்றும் காதுக்குத் தெரியாது. அதையே டிரினிடாட் பேச்சில் சொன்னால்: "ரெயின் பீட் கால்வனைஸ் ஹோல் நைட்." ஏழே அசை. 'ரெயின்' முதல் அடியில் கிக்கோடு (பெரிய மேளத்தின் ஒலி) விழுகிறது. 'கால்' இரண்டாம் அடியில் ஸ்னேரோடு (சிறு மேளத்தின் ஒலி). 'ஹோல்' மூன்றில். 'நைட்' நான்காம் அடியில் மறுபடி ஸ்னேரோடு. கிரியோலில் வினைச்சொல் காலம் காட்ட வால் சேர்ப்பதில்லை, சின்னச் சின்ன இணைப்புச் சொற்களும் உதிர்ந்துவிடுகின்றன, அதனால் தாளத்துக்கு இடம் தானாகத் திறக்கிறது. சூறாவளி ஐஞ்சீர் ஆங்கில யாப்பில் உறுமுவதில்லை என்று பார்படோஸ் கவிஞர் கமாவ் பிராத்வெயிட் எழுதியதற்கு ஸ்டூடியோவுக்குள் கிடைக்கும் நிரூபணம் இது. வெளிநாட்டுக் காதுக்குப் புரியாதோ என்று பயந்து வரியை "சுத்தமான" ஆங்கிலத்துக்கு மாற்றினால் அர்த்தம் மிஞ்சலாம், தாளம் போய்விடும்.

பீட்டின் வேகத்தை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். பீட் எதுவும் இல்லாமல், கைபேசியில் கவிதையை இயல்பாகச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே அழுத்தம் விழும் இடங்களில் விரலால் தட்டினால், எந்த டேப் டெம்போ செயலியும் எண்ணைச் சொல்லிவிடும். பேச்சுக் கவிதைக்குப் பெரும்பாலும் 75 முதல் 95 வரை பொருந்தும். 160இல் ஓடும் பவர் சோக்கா பீட்டில் ஒரு பார் ஒன்றரை நொடிதான். கதை சொல்லும் கவிதையை அதற்குள் அமுக்க முடியாது. ரெக்கேயின் ஒன் டிராப் தாளம் வேறு மாதிரி: முதல் அடி காலியாக இருக்கும், கிக் மூன்றாம் அடியில் விழும். முதல் அடியில் அழுத்தி ஆரம்பித்துப் பழகியவருக்குக் காலடியில் தரையே இல்லாத மாதிரி தோன்றும். ஒரு வாரம் வெறும் பேஸையும் கிக்கையும் மட்டும் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறப்பது நல்லது.

அடுத்த சிக்கல் மேடைப் பழக்கம். ஸ்லாமில் கடைசி ஒரு நிமிடம் குரல் உயரும், வேகம் கூடும். பீட் வேகம் கூட்டாது. கவிஞர் தாளத்தைத் தாண்டி முன்னால் ஓடிவிடுவார், மூன்றாவது பாரிலேயே இயைபுச் சொல் ஸ்னேரைவிட்டு விலகிவிடும். இதற்குத் தாளம் தட்டும் மெட்ரோனோமை 2, 4 அடிகளில் மட்டும் ஒலிக்கவிட்டுப் பழக வேண்டும். அது கைவந்தபின் ஒரு பார் ஒலி, ஒரு பார் மௌனம் என்று வைத்து, மௌனம் முடியும்போது சரியாக வந்து சேர்கிறோமா என்று பார்க்க வேண்டும். ஏற்றம் வேண்டுமென்றால் வேகத்தில் தேடாதீர்கள், அடர்த்தியில் தேடுங்கள்: முதல் 8 பாரில் பாருக்கு 7 அசை, அடுத்த நான்கில் 10, கடைசி நான்கில் 13. பீட் அப்படியே இருக்க, வேகம் கூடியதுபோல் கேட்கும்.

மூச்சையும் எழுதித்தான் வைக்கவேண்டும். இரண்டு பாருக்கு ஒருமுறை அரை அடி, அதாவது 0.33 நொடி காலியாக விடுங்கள். தாளில் அந்த இடத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள். மூச்சுக்கு இடமில்லாத வெர்ஸைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து ஒட்டிவிடலாம்தான். ஆனால் மேடையில் அது முடியாது, கூட வந்த நண்பர் பாதி வரியைச் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

ஹூக் என்றாலே கவிஞர்களுக்கு ஒரு ஒவ்வாமை. திரும்பத் திரும்பச் சொல்வது மலிவு என்ற எண்ணம். கலிப்சோவும் டப் கவிதையும் பல்லவியில்தானே நிற்கின்றன! புதிதாக ஹூக் எழுதவே வேண்டாம். கவிதை சொன்னபோது கூட்டம் தானாகத் திருப்பிச் சொன்ன வரி ஒன்று இருக்கும். அதுதான் ஹூக். நான்கு பாராகத் தொடங்கி, கடைசி முறை மட்டும் எட்டாக நீட்டலாம். டிரினிடாடின் ஃப்ரீடவுன் கலெக்டிவில் இருக்கும் முகமது முவாக்கில் கவிதை மேடையிலிருந்து வந்தவர். அவர்கள் பாட்டில் கூட்டுக்குரல் எப்படிக் கவிஞரின் வரியை ஊர்ப்பாட்டாக்குகிறது என்று கவனித்துக் கேளுங்கள்.

ஒலிப்பதிவு பற்றிச் சுருக்கமாக. மைக்கிலிருந்து 15, 20 சென்டிமீட்டர் தள்ளி நில்லுங்கள், நடுவில் காற்றடிப்பைத் தடுக்கும் பாப் ஃபில்டர் இருக்கட்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அருகே நிற்கட்டும். ஸ்லாம் குரலில் கத்தினால் ஒலி கிழியும், பிறகு எந்தக் கருவியும் அதைத் தைக்காது. மின்விசிறி, ஏசி இரண்டையும் அணையுங்கள். தகரக் கூரை வீடு என்றால் மழைக்காலத்தில் வானத்தை நம்பாதீர்கள். முதன்மை டேக் (குரல் பதிவு) ஒன்று, வரியின் கடைசி இரண்டு சொற்களுக்கு மட்டும் இரட்டை டேக். முழு வெர்ஸையும் இரட்டித்தால் கவிதையின் நெருக்கம் போய்விடும். தீவு மணம் வேண்டும் என்று எஃகு மேளமான ஸ்டீல்பேனைக் குரலுக்கு அடியில் இடைவிடாமல் ஓடவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதன் ரீங்காரத்தின் மேல்சுரங்கள் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் மெய்யெழுத்துகளை மூடிவிடும், சொல் காதில் விழாது. வரிகளுக்கு இடையே வரவிடுங்கள்.

உரிமை விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம் வருகிறது, ஏனென்றால் கவிஞர்கள் இதில் தோற்பது திறமையில்லாமல் அல்ல, தாளைப் படிக்காமல். இணையத்தில் வாங்கும் பீட் பெரும்பாலும் லீஸ், அதாவது குத்தகை. அதே பீட்டை வேறு பலருக்கும் விற்றிருப்பார்கள், ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு வரம்பும் இருக்கும். அப்படிப்பட்ட பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒலியை ஒப்பிட்டு உரிமைகோரும் அமைப்பு) பதிந்தால், அதே பீட்டில் பாடிய அத்தனை பேருக்கும் உங்கள் பெயரில் உரிமைகோரல் போகும், சண்டை உங்கள் வாசலுக்கு வரும். முடிந்தால் உள்ளூர் தயாரிப்பாளரோடு உட்கார்ந்து புதிதாகச் செய்யுங்கள். பதிவு முடிந்த அன்று இரவே பங்கீட்டுத் தாளில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கவிதை ஏற்கெனவே நூலில் வந்திருந்தால் பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒலி உரிமை, இசையமைக்கும் உரிமை யாரிடம் என்று பாருங்கள். ஸ்லாம் போட்டியில் கையெழுத்திட்ட படப்பதிவு ஒப்புதலையும் எடுத்துப் படியுங்கள்.

பணம் இரண்டு வழியாக வருகிறது. பதிவின் பணத்தை விநியோக நிறுவனம் வசூலிக்கும். பாடல் வரி, மெட்டு இவற்றின் பணம் உரிமைச் சங்கம் வழியாக வரும்: டிரினிடாடில் காட், ஜமைக்காவில் ஜேகேப், பார்படோஸில் காஸ்கேப், கிழக்குக் கரீபியத்தில் எக்கோ. விநியோகத்தோடு நிறுத்திக்கொண்டால் எழுதியவருக்கான காசு அப்படியே கிடக்கும். சொல்லை எழுதிப் பிழைக்க வந்தவர் சொல்லுக்கான கூலியை விடக்கூடாது.

வெளியீட்டு நாளை ஊர்க் காலண்டரைப் பார்த்து வையுங்கள். டிரினிடாடில் கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து திருநீற்றுப் புதன் வரை வானொலி சோக்காவின் பிடியில். அந்த நாட்களில் வந்த ராப் பாட்டு மூழ்கிப்போகும். தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம் கழித்து வந்தால் ஒலிபரப்பாளர்களுக்கே காது ஓய்ந்திருக்கும், கேட்பார்கள். பார்படோஸில் க்ராப் ஓவர் திருவிழாவின் உச்சம் ஆகஸ்ட் தொடக்கத்தில், அதற்கு முந்தைய இரண்டு மாதத்தைத் தவிருங்கள். கோப்பை விநியோகத்துக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாடிஃபை பட்டியல் ஆசிரியர்களுக்கு அனுப்பக் குறைந்தது ஏழு நாள் வேண்டும், ஏழாவது நாள்வரை காத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒன்று தடுக்கும். வானொலிக்குக் கெட்ட வார்த்தை நீக்கிய பிரதி தனியாக வேண்டும், அதற்குத் தனி ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்குமான அடையாள எண்).

இன்னொரு பதிவும் அதே வாரம் செய்துவிடுங்கள்: பீட் இல்லாத, வெட்டாத முழுக் கவிதை. அதற்கும் தனி ஐஎஸ்ஆர்சி. பள்ளி, நூலகம், பல்கலைக்கழகம், புரூக்ளினிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் கரீபியர்களின் கலைநிகழ்ச்சிகள் எல்லாம் இசைக்குழு இல்லாத கவிஞரைத்தான் எளிதாக அழைக்கும். விமானச் சீட்டு ஒன்று போதும். அந்த வருமானம் அடுத்த பாட்டின் மிக்ஸிங் செலவுக்கு ஆகும்.