அந்தக் குடைத் துப்பாக்கிக்கு என்ன சர்டிபிகேட் கொடுப்பது?

'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் விர்ஜீனியா உல்ஃப்' படத்தை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. "இப்படிக் கத்துவதற்குப் பேசாமல் பிரிந்து போகலாமே" என்று பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நேற்று தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

ஒரே ராத்திரிக் கதை. கல்லூரியில் வரலாறு நடத்தும் ஜார்ஜ், அவர் மனைவி மார்த்தா. அவள் அப்பாதான் அந்தக் கல்லூரித் தலைவர். நடுநிசி தாண்டி ஒரு இளம் ஜோடி வீட்டுக்கு வருகிறது. விடியும்வரை குடி, பேச்சு, குத்தல்.

1966-இல் அமெரிக்காவில் இந்தப் படம் பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. அப்போதிருந்த ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி இந்த வசவுகளுக்கு இடமே இல்லை. எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுவது என்று பேரம் நடந்தது. கடைசியில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் வரக்கூடாது என்று படத்தை எடுத்த வார்னர் நிறுவனமே நிபந்தனை போட்டு வெளியிட்டது. இரண்டே வருடத்தில், 1968-இல், பழைய விதிகள் போய் வயதுவாரி தரச்சான்று முறை வந்தது.

சொற்களை எண்ணியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எண்ண முடிந்ததைத்தானே எண்ண முடியும்? ஆனால் இந்தப் படத்தில் என்னைக் கலங்கடித்தது ஒரு வசவும் இல்லை. கணவனைக் குத்துச்சண்டையில் வீழ்த்திய கதையை விருந்தாளிகளிடம் மார்த்தா ரசித்து ரசித்துச் சொல்கிறாள். ஜார்ஜ் எழுந்து போய் ஒரு துப்பாக்கியோடு வந்து அவளைக் குறிபார்க்கிறார். அலறல். விசையை அழுத்தினால் குழலிலிருந்து ஒரு குடை விரிகிறது! மார்த்தாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பயந்தவள் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. மனுஷன் இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட சந்தோஷம். இவர்களுக்குச் சண்டை போட ஆள் வேண்டியதில்லை, பார்க்கத்தான் ஆள் வேண்டும். நாலு பேர் இருக்கும்போது மட்டும் வாய் திறக்கிற தம்பதிகளை நாம் பார்த்ததில்லையா என்ன?

மார்த்தாவுக்காக எலிசபெத் டெய்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், உடம்பை ஏற்றிக்கொண்டு ஐம்பது வயதுக்காரியாக நடித்தார். சரி, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஜார்ஜாக நடித்த ரிச்சர்ட் பர்ட்டனை விட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. குரலே உயர்த்தாமல் அந்த மனிதர் கொல்கிறார். நிஜத்திலும் இருவரும் அப்போது கணவன் மனைவி என்பது வேறு ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

இளம் ஜோடியின் கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கடைசியில் உடைகிற ரகசியத்தைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

பதினாறு வயது மகள் வந்து, தானும் பார்க்கலாமா என்று கேட்டாள். வசவெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். ஏன் என்றாள். குடை விரியும் இடத்தைச் சொன்னேன். "காமெடிதானே அம்மா, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.