உட்கார வைத்தால் பாசமா?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட, அம்மா உடற்பயிற்சி செய்யும் அந்த வீடியோவை இன்னும் விடமாட்டேன் என்கிறீர்கள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, எட்டு தடவை. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதற்குக் "கொடுமைப்படுத்தாதீங்க", "இந்த வயசிலயாவது நிம்மதியா உட்கார விடுங்க". ஒருவர் "நாளைக்கு உங்க பிள்ளைங்க உங்களுக்கும் இதையே செய்வாங்க" என்று சாபமே விட்டிருக்கிறார். செய்யட்டும் சார், நானும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

உட்கார வைப்பது பாசம் இல்லை.

அம்மாவுக்கு 74 வயது. இருபது வருஷச் சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், இதயத்தில் ஸ்டென்ட். இவ்வளவையும் வைத்துக்கொண்டு உடற்பயிற்சியா என்றால், இவ்வளவும் இருப்பதால்தான். தசை வேலை செய்தால் ரத்தத்திலுள்ள சர்க்கரையை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும். தொடைத்தசை கரைந்தால் முட்டிக்கு அந்தத் தாங்கலும் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, 65 தாண்டியவர்களுக்கும் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் சேர்த்துத்தான்: வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடம்பு அசைய வேண்டும், முடியாதவர்கள் முடிந்ததைச் செய்யட்டும். ஒரே மூச்சில் 10 நிமிடம் நடந்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். (தினம் பத்தாயிரம் காலடி நடக்கச் சொல்லி வந்த இன்னொரு கோஷ்டிக்கு: அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்ற காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது.)

விழுந்துவிட்டால்? நியாயமான கேள்விதான். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம், நாற்காலி சுவரை ஒட்டி இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் நான் நிற்கிறேன். வீடியோவில் நான் தெரியவில்லை, ஏனென்றால் போனைப் பிடித்திருந்தது நான்.

அப்பாவைத்தான் உட்கார வைத்தோமே. நுரையீரல் நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, "நீங்க இருங்கப்பா, நான் எடுத்துத் தரேன்." தண்ணீர், பேப்பர், ரிமோட் எல்லாம் அவர் கைக்கே வந்தது. மதியம் நாற்காலியிலேயே மூன்று மணி நேரம் கண்ணயர்வார், அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பார். வயசானால் தூக்கம் குறையும் என்று நாங்களே தீர்ப்பு எழுதினோம். ஆழ்ந்த தூக்கம் குறையும், சரி, ஆனால் அந்த வயதிலும் ஏழெட்டு மணி நேரம் தேவைதான். பகலிலேயே தூங்கித் தீர்த்தால் இரவில் எங்கிருந்து வரும்? தூக்க மாத்திரை கொடுத்தோம். மாத்திரை மயக்கத்தில் பாத்ரூமுக்குப் போகும்போதுதான் விழுந்தார். நடக்க விட்டதால் இல்லை.

அன்றைக்கு யாரும் என்னைக் கொடுமைக்காரி என்று சொல்லவில்லை. "ராஜா மாதிரி வெச்சுப் பார்த்துக்கிட்டே" என்றீர்கள். அதை வாங்கிக்கொண்டேன், அதுதான் இப்போது உறுத்துகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான், பாராட்டியவர்களில் ஒருவர்கூட இல்லை.

வீடியோவை எடுக்கச் சொல்லிச் சித்தப்பா இன்று காலையும் போன் செய்தார். எடுக்கவில்லை.