'புல்லட் பட்டன்' இருந்தால் போதுமா?

"கலிஃபோர்னியாவில் ரைஃபிளில் 'புல்லட் பட்டன்' (மேகசின் எனும் தோட்டாப் பெட்டியைப் பூட்டும் பட்டன்) பொருத்திவிட்டால் போதும், கைப்பிடி எப்படி இருந்தாலும் சட்டப்படி சரி" என்று இன்னமும் பகிர்கிறார்கள். இது தவறு. நம்பியவர் குற்ற வழக்கில் சிக்கக்கூடும் என்பதால் அழுத்தியே சொல்கிறேன்.

2016 வரை இதில் உண்மை இருந்தது. அந்தப் பட்டனைத் தோட்டாவின் முனை போன்ற ஒரு கருவியால் அழுத்தினால்தான் மேகசின் கழலும் என்பதால், அது 'கழற்றக்கூடியது' என்ற வரையறைக்குள் வரவில்லை. அந்த ஓட்டையை அடைத்த திருத்தம் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இப்போது, துப்பாக்கியின் இயங்கும் பகுதியைப் பிரிக்காமல் மேகசினை எடுக்க முடியாவிட்டால் மட்டுமே அது 'நிலையானது'. புல்லட் பட்டன் அப்படிப்பட்டதல்ல.

நிலையான மேகசின் இல்லாத, சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பகுதியின் நடுவில் தட்டினால் வெடிப்பது) பயன்படுத்தும் அரைத் தானியங்கி ரைஃபிளில் துருத்தி நிற்கும் பிஸ்டல் கைப்பிடி, மடக்கும் அல்லது நீட்டும் தோள் கட்டை, தீப்பிழம்பு மறைப்பான் போன்றவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது சட்டம் தடைசெய்யும் 'தாக்குதல் ஆயுதம்'. மேகசின் நிலையானதாகவே இருந்தாலும், பத்துக்கு மேல் தோட்டா கொண்டால் அதுவும் அப்படியே. இதைப் பலர் கவனிப்பதில்லை.

"பதிவு செய்துகொள்ளலாமே" என்பதும் பழைய கதை. முன்பே சட்டப்படி வைத்திருந்தவர்களுக்கான அந்தக் கெடு 2018 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது.