கண்டெடுத்த ஊரிலேயே இருக்கும் பொன்முத்திரை

ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி, மங்கிய வெளிச்சத்தில் தனிப் பேழைக்குள் இருக்கும் ஒரு பொன்முத்திரையிலிருந்து தொடங்குகிறது. அதன் பக்கம் 2.3 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 108 கிராம். ஈராயிரம் ஆண்டு வரலாறுள்ள ஒரு துறைமுக நகரம், கட்டைவிரலால் மூடிவிடக்கூடிய ஒரு பொருளை நம்பித் தன் கதையைத் தொடங்குவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த முத்திரை அரண்மனையிலிருந்து வந்ததன்று. 1784ஆம் ஆண்டு, ஃபுகுவோகாவை ஒட்டிய ஹகாதா விரிகுடாவின் வாயிலில் உள்ள ஷிகானோஷிமா தீவில், ஜின்பே என்ற உழவர் வயலின் நீர்வாய்க்காலைச் சீர்செய்துகொண்டிருந்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பி அகற்றியபோது கற்களுக்கிடையே ஏதோ மின்னியதாகவும், எடுத்து நீரில் அலசிப் பார்த்தால் பொன்முத்திரை போல இருந்ததாகவும் அவர் பெயரில் அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்ட வாக்குமூலம் கூறுகிறது. அதை ஆராய்ந்த அறிஞர் கமெய் நான்மெய், கி.பி. 57இல் சீனாவின் ஹான் பேரரசர் குவாங்வு, வா தேசத்து (பண்டைய சீனர் ஜப்பானை அழைத்த பெயர்) நா நாட்டின் தூதருக்கு முத்திரையளித்த செய்தி சீன வரலாற்று நூலில் இருப்பதை எடுத்துக்காட்டினார். அந்த நா நாடு இன்றைய ஃபுகுவோகாப் பகுதியில்தான் இருந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

பேழையருகே குனிந்து பார்த்தால், பிடியாக அமைந்திருப்பது சுருண்டு தலையைத் திருப்பிக் கிடக்கும் ஒரு பாம்பு என்பது தெரியும். அடிப்பக்கத்து ஐந்து எழுத்துகளும் பள்ளமாக வெட்டப்பட்டவை. மை தொட்டுத் தாளில் பதிப்பதற்காக அல்ல, கட்டிய மூங்கில் அல்லது மரப்பட்டிகைச் சுவடியின் முடிச்சில் அப்பிய ஈரக் களிமண்ணில் அழுத்தி எழுத்தைப் புடைக்கச் செய்வதற்காகவே அப்படி வெட்டினார்கள். இது பிற்காலப் போலி என்று வாதிட்டவர்கள் உண்டு. வாதம் இன்னும் முற்றாக ஓயவில்லை. ஆனால் 1956இல் சீனாவின் யுன்னானில், அப்பகுதியின் பண்டைய தியன் நாட்டு மன்னனுக்கு ஹான் அரசு அளித்த பொன்முத்திரை இதே பாம்புப் பிடியோடு கிடைத்ததை எண்ணும்போது, உண்மையானதென்று கருதுவோர் பக்கமே நானும் நிற்கிறேன்.

நிலப்பிரபுக்களான குரோடா குடும்பத்தாரிடம் தலைமுறைகளாக இருந்த இந்தத் தேசியப் பொக்கிஷம் 1978இல் நகரத்துக்குக் கொடையாக வந்தது. 1990இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் நிலையாக இடம்பெற்றது. இத்தகைய அரும்பொருள்கள் தலைநகரில்தான் பத்திரமாக இருக்கும், அங்கேதான் பலரும் பார்ப்பார்கள் என்று சொல்வோரின் வாதத்தை நான் ஏற்பதில்லை. பாதுகாப்பதற்கு வேண்டிய கருவியும் திறமையும் ஒரு நகராட்சிக்கு இருக்குமானால், கண்டெடுத்த மண்ணிலிருந்து அதைப் பிரிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? டோக்கியோவில் இது பல பொக்கிஷங்களுள் ஒன்றாகிவிடும். இங்கே, காலையில் முத்திரையைப் பார்த்த ஒரு பள்ளிச் சிறுமி, ஹகாதா துறையில் படகேறி, மாலைக்குள் ஷிகானோஷிமாவின் பொன்முத்திரைப் பூங்காவில் நின்று, ஜின்பே பார்த்த அதே கடலைப் பார்த்துவிடலாம்.