முகநூலில் துவக்கு வாங்க நினைக்கும் தம்பிமாருக்கு

முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ முகம் தெரியாத ஒருவர் போடும் படத்தைப் பார்த்து இடியன் துவக்கு வாங்காதீர்கள். குழலின் வாய்வழியாகக் கருமருந்தையும் குண்டையும் இடித்து நிரப்புகிற நாட்டுத் துவக்கைத்தான் இடியன் என்கிறோம். பதிவு நீளம். பாதியில் விட்டுப் போகிறவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும் என்றுதான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச நாளாகவே மலையகத்துப் பையன்களின் போன்களில் இந்தப் படங்கள் சுற்றுகின்றன. என் மருமகனுக்கு வந்த ஒன்றை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிமெந்துத் தரையில் உரச்சாக்கை விரித்து, அதன் மேல் துவக்கைக் கிடத்தியிருந்தார்கள். பிடங்குக் கட்டைக்குப் புது வார்னிஷ். ஆனால் குழலும் கட்டையும் சேருமிடத்தில் செப்புக் கம்பியை இறுக்கிச் சுற்றியிருந்தது, அதற்கடியில் கட்டையில் ஒரு நீளமான வெடிப்பு. மருந்துக்குத் தீ போகும் துளையைச் சுற்றி இரும்பு அரித்துப் போயிருந்தது. கீழே எழுதியிருந்தது: "தாத்தா காலத்துச் சாமான், நல்ல கண்டிஷன், பன்னிக்குச் சூப்பர். பாதி அட்வான்ஸ் போட்டால் பஸ்ஸில் அனுப்பலாம்."

வாங்க நினைக்கிறவர்களை நான் திட்ட வரவில்லை. பன்றி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கடன் வாங்கி விதைக் கிழங்கு போட்டு, மண் அணைத்து, பூ வரும் நேரத்தில் ஒரே இரவில் பாத்தி முழுவதையும் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். தின்றது கொஞ்சம், உழுதது மிச்சம். ராகலையிலிருந்து வெலிமடை வரைக்கும் மரக்கறி செய்கிற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பராமரிப்பில்லாமல் காடாகிப் போன தேயிலை மலைகள் பன்றிக்கு வீடாகிவிட்டன. இந்த நிலைமையில் இருக்கிற ஒருவன் போனில் துவக்கைக் கண்டால் கை துடிக்கத்தான் செய்யும். அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் விற்கிறவன் "பன்னிக்குச் சூப்பர்" என்று எழுதுகிறான்.

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நம் இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குழல் வழியாகக் குண்டோ சன்னமோ வெளியேற்றக்கூடிய எதுவும் அதன்படி துவக்குதான். பழசு, நாட்டுச் சாமான், தோட்டா போடாதது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. உரிமம் ஆளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது, துவக்கோடு சேர்ந்து கைமாறாது. தாத்தாவிடம் உரிமம் இருந்தது என்பதால் பேரனுக்கு அது சொந்தமாகாது. உரிமம் இருப்பவரும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், டிசம்பர் 31 உடன் காலாவதியாகிவிடும். உரிமம் இல்லாதவருக்கு விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அப்புறம் உள்ளே போடுகிற மருந்துக்கு 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் தனியாக நிற்கிறது.

"யூடியூப்பில் வெள்ளைக்காரன் ஆன்லைனில் வாங்குகிறானே அண்ணே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அது அமெரிக்கா. அங்கே 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கருமருந்தை வாய்வழியாகத் திணிக்கும் துவக்குகளில் பெரும்பாலானவற்றைப் பழம்பொருள் வகையில் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆகவே பல மாநிலங்களில் அது தபாலில் வீட்டுக்கே வரும். மான் வேட்டைக்கு அந்தத் துவக்குக்கென்றே தனிப் பருவம் விடுகிற மாநிலங்களும் உண்டு. அந்த நாட்டுச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஹட்டனில் பஸ் ஸ்டாண்டில் பார்சல் எடுக்கப் போனால், பிடிபடுகிறவன் நம் பிள்ளைதான். அங்கேயும் முகநூலில் தனி ஆட்கள் துவக்கு விற்பதை 2016 ஜனவரியிலேயே அந்த நிறுவனம் தடை செய்துவிட்டது. அப்படியானால் இங்கே நம் கண்ணில் படுகிற ஒவ்வொரு விளம்பரமும் நாட்டுச் சட்டத்தையும் முகநூல் விதியையும் சேர்த்து மீறித்தான் நிற்கிறது. அப்படி ஒன்றைப் போடுகிறவனிடம் நேர்மையை எப்படி எதிர்பார்ப்பது?

அட்வான்ஸ் விஷயத்தையும் இதோடு யோசியுங்கள். போன் வாங்கி ஏமாந்தால் பொலிஸுக்குப் போகலாம். துவக்குக்குக் காசு போட்டு ஏமாந்தால் எங்கே போவது? "உரிமம் இல்லாமல் துவக்கு வாங்கப் போனேன் ஐயா" என்று நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். ஏமாற்றுகிறவனுக்கு இது நன்றாகவே தெரியும். காசு போனால் பரவாயில்லை என்று விட்டாலும், உங்கள் பெயர், போன் நம்பர், பேசிய குரல் பதிவு எல்லாம் அவன் கையில் இருக்கும். அதை வைத்து மிரட்டி மறுபடியும் காசு கறப்பான்.

சரி, காசும் போகவில்லை, சாமானும் வந்து சேர்ந்தது என்றே வைப்போம். எனக்கு அதிகப் பயம் இந்த இடத்தில்தான்.

இடியன் துவக்கில் தோட்டாவைக் கழற்றிப் பார்க்க வழியில்லை. வாய்வழியாக மருந்து, அதன் மேல் அடைப்பு, குண்டு என்று இடித்து இறக்கிய பிறகு, வெளியிலிருந்து பார்த்தால் நிரம்பியதும் வெறுமையும் ஒரே மாதிரிதான் இருக்கும். நிரப்பியதைச் சுடாமல் வெளியே எடுப்பது சிரமம் என்பதால் பலர் அப்படியே கூரையில் சொருகி வைத்துவிடுவார்கள். வைத்தவர் செத்தும் போயிருப்பார். பழைய துவக்குச் சேகரிக்கிற விபரமானவர்கள் கையில் எடுத்ததும் முதலில் செய்வது இதுதான்: ஒரு கம்பியைக் குழலுக்குள் அடி வரை விட்டு, வாயருகே அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள். கம்பியின் முனை தீத்துளை வரைக்கும் எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. போனில் படம் பார்த்து வாங்குகிறவனுக்கு இந்தச் சோதனை கிடைக்காது. பஸ்ஸில் சாக்குக்குள் சுற்றி, மடியில் பிள்ளை வைத்திருக்கிற அம்மாவின் காலடியில் அது வந்து சேரும்.

பழைய மருந்து நமத்துப் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். காற்றுப் படாமல் அடைபட்டிருக்கிற கருமருந்து தலைமுறை கடந்தும் உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2008இல் ஒருவர் 1860களில் நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்துபோனார். ஏறக்குறைய 140 வருடத்து மருந்து! நம் ஊரில் பரணில் கிடக்கிற துவக்கு அதை விட எத்தனையோ இளையது.

அடுத்தது குழல். முறையாகச் செய்த துவக்குக் குழல் அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்த உருக்கு. இங்கே பட்டறையில் ஒளித்துச் செய்கிறவற்றில் தண்ணீர்க் குழாயை வெட்டிப் போட்டதும் இருக்கிறது. தண்ணீர்க் குழாயின் ஓரமாக ஒரு பொருத்து ஓடும். அது தண்ணீரின் அழுத்தத்துக்குப் போதும், வெடியின் அழுத்தத்துக்குப் போதாது. அதுவும் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக் குறி பார்க்கிற சாமான். அது பிளந்தால் முதலில் கண் போகும், இடது கை விரல்கள் போகும். பின்பக்கத்தை அடைத்திருக்கிற திருகு கழன்றால் நேரே நெற்றிக்குத்தான் வரும்.

நம் மலைநாட்டு ஈரமும் இதில் சேர்கிறது. கருமருந்து எரிந்த பிறகு குழலுக்குள் தங்குகிற கசடு ஈரத்தை இழுக்கும், இழுத்து இரும்பைத் தின்னும். சுட்ட அன்றைக்கே கழுவித் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் உள்ளே அரிக்கத் தொடங்கிவிடும். வருடத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையும் பிடிக்கிற இடத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கூரைக்கும் தகரத்துக்கும் நடுவில் வருடக்கணக்காகக் கிடந்த குழலின் உட்புறம் எப்படி இருக்கும்? வெளியே வார்னிஷ் அடிக்கலாம், உள்ளே அடிக்க முடியாது. அடிப்பகுதியில்தான் அழுத்தம் அதிகம், அரிப்பும் அங்கேதான் அதிகம். படத்தில் ஒருபோதும் தெரியாத இடமும் அதுதான்.

போதாததற்கு மருந்து கிடைக்காமல் பட்டாசைப் பிரித்துக் கொட்டுவதும், நெருப்புக்குச்சி மருந்தைச் சுரண்டிப் போடுவதும் நடக்கிறது. அவற்றில் இருக்கிற இரசாயனம் வேறு. உரசினாலே பற்றும், திணிக்கும்போதே வெடிக்கும். கை போனவர்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் அவர்கள் "பட்டாசு வெடித்தது" என்றுதான் சொல்வார்கள்.

சிலர் "இது கண்டி ராசா காலத்துச் சாமான், பெறுமதி ஏறும்" என்றும் ஆசை காட்டுகிறார்கள். கண்டி இராச்சியத்து மலைநாட்டுக் கம்மாளர்கள் அருமையான துவக்குகள் செய்தது உண்மை. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையடித்துக் கொண்டுபோனவற்றில் லெவ்கே பீரங்கியும் துவக்குகளும் இருந்தன. நெதர்லாந்து அவற்றை 2023இல் திருப்பிக் கொடுத்தது. அந்த வேலைப்பாட்டைப் பார்க்க ஆசைப்பட்டால் கொழும்பு நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். உண்மையான பழம்பொருளுக்கு வேறு சட்டமே இருக்கிறது, அது வாட்ஸ்அப்பில் பாதி அட்வான்ஸுக்கு வராது.

இனி, சொல்ல மனம் கனக்கிற ஒன்று. வாங்கிய துவக்கோடு எவரும் ராத்திரி முழுக்கக் குளிரில் முழித்திருக்கப் போவதில்லை. காலையில் கொழுந்தெடுக்கவோ கட்டட வேலைக்கோ போக வேண்டும். கொஞ்ச நாளில் அது கட்டுத்துவக்காகிவிடும். பன்றி வருகிற பாதையில் இரண்டு கவைக் குச்சியில் வைத்து, குறுக்கே நூலைக் கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுத்துவிடுவார்கள். நூலுக்குப் பன்றி எது, மனிதன் எது என்று தெரியாது. பன்றியின் உயரத்துக்கு வைப்பதால் மனிதனுக்கு முழங்காலில் படும். விடியக்காலையில் குறுக்குப் பாதையில் மலைக்குப் போகிற பெண்கள், விறகு பொறுக்கப் போகிற பிள்ளைகள், இவர்கள்தான் அந்தப் பாதையில் நடக்கிறவர்கள். கால் எடுக்கப்பட்ட ஒரு கொழுந்துத் தொழிலாளிக்கு அதற்குப் பிறகு என்ன வேலை இருக்கிறது? சம்பந்தமில்லாத உயிர்களும் போகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை இறந்துபோனதை நாடே பார்த்துக் கவலைப்பட்டது. சுருக்கானாலும் கட்டுத்துவக்கானாலும் வருகிறது யார் என்று பார்க்காமல் வைக்கிற பொறிதான்.

அப்படியானால் பன்றியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இந்த இடத்தில் என் கோபம் வாங்குகிற பையன் மேல் இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று துவக்கு உரிமம் கொடுக்கிற முறை இந்த நாட்டில் இருக்கிறது. மாவட்டச் செயலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும், கிராம உத்தியோகத்தரும் பொலிஸும் விசாரித்துச் சிபாரிசு செய்ய வேண்டும். ஆனால் காணிப் பத்திரம் கேட்பார்களே! 200 வருடமாக இந்த மலையைப் பண்படுத்திய சனத்தின் கையில் என்ன பத்திரம் இருக்கிறது? லயத்துக்குப் பின்னால் செய்கிற மரக்கறித் தோட்டம் கம்பனியின் குத்தகை நிலம். தனி வீடு கிடைத்தவர்களுக்கு 7 பேர்ச் நிலம். பத்திரம் இல்லாதவனுக்கு உரிமம் இல்லை, நட்டஈடு கேட்கவும் வழியில்லை. பக்கத்துக் கிராமத்துக் காணிக்காரருக்குத் திறந்திருக்கிற கதவு தோட்டத்துக்காரனுக்குப் பூட்டியிருக்கிறது. கள்ளச் சந்தைக்காரன் நிற்பது அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால்தான்.

எல்லோர் கையிலும் துவக்கைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவரையும் பயிர்ச்செய்கையாளராகப் பதிவு செய்யுங்கள். தோட்டத்துக்கு ஒரு குழுவாகச் சூரிய சக்தி மின்வேலி போட உதவி கொடுங்கள். விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கிற அந்த வேலி பன்றியை விரட்டும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்கு இழுத்து ஆளே செத்துப்போகிற கொடுமையும் அதனால் குறையும். கம்பனிகள் கைவிட்ட மலைகளைத் துப்புரவு செய்ய வேண்டும், அது அவர்கள் கடமை. இவற்றை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பேச நம் வாக்கில் போன உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பேசச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்.

வீட்டில் ஏற்கெனவே அப்பா, தாத்தா வைத்துவிட்டுப் போன துவக்கு கிடந்தால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுத்தம் செய்யாதீர்கள், விற்கப் படம் எடுக்காதீர்கள். தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பேசி, அவர் மூலமாகப் பொலிஸில் ஒப்படைக்கிற வழியைப் பாருங்கள். பொலிஸே வந்து எடுக்கட்டும், நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

பன்றி வந்து போன காலையில், பாத்தியைச் சரிசெய்வதற்கு முன்னம், படம் எடுத்து வையுங்கள். எத்தனை பாத்தி, என்ன பயிர், நட்ட திகதி என்று எழுதி, கிராம உத்தியோகத்தரிடமும் கமநல சேவை நிலையத்திலும் கொடுத்து, ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பத்திரம் இல்லை என்று சொன்னாலும் கடிதத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது நம் உரிமை. எழுதச் சிரமப்படுகிறவர்கள் படத்தையும் விபரத்தையும் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.