இளையோரைக் கேட்காமல் இளையோருக்கு ஓர் இணையதளம்

நம் கத்தோலிக்க இளையோர் பணிக்குழுவின் புதிய இணையதளம் கடந்த ஞாயிறு தொடங்கிவைக்கப்பட்டபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால், அதை முழுவதும் விவரிக்கப் போவதில்லை. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அதன்பின் எழுந்து, "இதை வடிவமைக்கும் முன் இளையோரில் யாரிடமாவது கேட்டீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பழையதைக் கட்டிக்கொண்டு அழுபவர்களுக்குப் புதியது எதுவும் பிடிக்காது" என்று பதில் வந்தது. நான்கு நாள்களாக அந்தச் சொல் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை.

பழைய தளம் அழகானது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கைப்பேசியில் திறந்தால் எழுத்துகள் பொடிப்பொடியாகத் தெரியும். நிகழ்ச்சிப் பட்டியலைத் திருத்த என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதை மாற்ற வேண்டும் என்று பணிக்குழுவுக்கு முதலில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. யாருக்காக மாற்றினோமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காததுதான் வருத்தம்.

கேட்டிருந்தால், புதிதாக ஒருவர் தளத்தைத் திறந்ததும் எதைத் தேடுவார் என்பது தெரிந்திருக்கும். கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறையில், முன்பதிவு செய்ய வேண்டுமா, யாரையும் தெரியாமல் தனியாக வரலாமா, உறுதிபூசுதல் என்னும் அருளடையாளம் பெறாதவர் வரலாமா என்பவைதான் அவருடைய கேள்விகள். இப்போது முகப்பில் திரை முழுவதும் தானாக ஓடும் ஒரு காணொளி, அதன்கீழ் பணிக்குழுவினரின் படங்கள், அதன்கீழ் வாழ்த்துச் செய்திகள் இருக்கின்றன. கூட்ட நேரத்தை அடைய மூன்று இடங்களில் தொட்டு உள்ளே போக வேண்டும். இறைவார்த்தைகளைப் படங்களுக்குள் பதித்து, படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்றுரை எதுவும் சேர்க்காமல் விட்டதால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற இளைஞருக்கு அங்கே ஒன்றுமே கேட்காது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்பொன் எழுத்துகள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலகறிந்த இணைய அணுகல் நெறி. நம் குழுவிலேயே பார்வை மங்கிய தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

எனக்கு 19 வயதில் அப்பா இறந்தார். கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஓர் இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் எதையோ தேடியபோது, இந்தப் பழைய தளத்தின் 'பேச வேண்டுமா?' என்ற பக்கம் கண்ணில் பட்டது. ஒரு சிறிய படிவம். பெயர் எழுத வேண்டியதில்லை, மின்னஞ்சல் முகவரி போதும் என்று ஒரு வரி. "கடவுள்மேல் கோபமாக இருக்கிறேன்" என்று மூன்றே சொற்கள் எழுதி அனுப்பினேன். மறுநாள் மாலை ஓர் அண்ணன் பதில் எழுதியிருந்தார். அறிவுரை எதுவும் இல்லை. அப்பாவைப் பற்றிச் சொல்ல விருப்பமா என்று மட்டும் கேட்டிருந்தார். நான் திரும்பி வந்தது அந்தக் கேள்வியால்தான். பின்னாளில் ஆறு ஆண்டுகள் அந்தப் பக்கத்துக்கு நானே பதில் எழுதினேன். தேர்வு பயம், வீட்டுச் சண்டை, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்து பல ஆண்டுகளாகிறது, எப்படித் தொடங்குவது என்ற தயக்கம்: இப்படித்தான் வருவார்கள்.

புதிய தளத்தில் அந்தப் பக்கம் இல்லை. பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடவும் இல்லை. செப அட்டைகளில் அச்சிட்ட இணைப்புகளைத் தொட்டால் 'பக்கம் காணப்படவில்லை' என்று வருகிறது. பழைய முகவரியைத் தொடுபவரைத் தானாகவே புதிய பக்கத்துக்கு அனுப்பும் 301 என்னும் நிரந்தரத் திருப்புதலை அமைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. நம் தளத்தின் அளவுக்கு அது ஒரு மாலைப்பொழுது வேலை.

திருச்சபையே கேட்டதே! இளையோர் பற்றி ஆயர்கள் கூடி ஆலோசித்த 2018 ஆயர் மாமன்றத்துக்கு முன், 2017இல் இணையவழி வினாப்பட்டியல் வைத்தார்கள். 2018 மார்ச்சில் ஏறத்தாழ 300 இளையோரை உரோமைக்கு அழைத்து ஒரு வாரம் பேசவிட்டார்கள். எம்மாவு என்னும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த சீடர்களோடு உயிர்த்த இயேசு வழிநடந்து, முதலில் கேள்வி கேட்டு, அவர்கள் சொல்வதைச் செவிமடுத்த நற்செய்தி நிகழ்வையே மாமன்றத்தின் இறுதி ஆவணம் தன் அடித்தளமாகக் கொண்டது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' ஊக்கவுரையின் 203ஆம் எண், இளையோர் பணியை ஆற்றுபவர்கள் இளையோரே என்கிறது. கார்லோ அகுதிஸின் பெரிய படம் நம் முகப்பில் இருக்கிறது, மகிழ்ச்சி. 15 வயதில் இறந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரான அந்தச் சிறுவன், நற்கருணை தொடர்பான அற்புதங்களைத் தொகுத்துத் தானே இணையதளம் அமைத்தவன். அவன் வயதுப் பிள்ளைகள் ஒருவரைக்கூட நாம் வடிவமைப்புக் கூட்டத்தில் உட்கார வைக்கவில்லை.

இளையோர் எல்லாரும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள், இணையதளத்தை யார் பார்க்கிறார்கள் என்பீர்கள். ஏற்கெனவே நம்மைப் பின்தொடர்பவர்களுக்கு அது போதும். நம்மை அறியாமல் இரவில் தேடுபவருக்குப் போதாது. நேரம் இல்லை என்பதை நான் ஏற்கவே மாட்டேன், காணொளி எடுக்க மூன்று வாரம் இருந்ததே. காசு வாங்காமல் செய்துகொடுத்த தம்பியின் மனம் நோகும் என்பது மட்டும்தான் என்னை உண்மையில் தயங்க வைத்தது. தம்பி, உன் உழைப்பில் குறை காணவில்லை. உனக்குச் சொல்லப்பட்டதை நீ நேர்த்தியாகச் செய்தாய். உன்னிடம் சொன்னவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

நாற்காலி அடுக்க இளையோர் வேண்டும், பவனியில் கொடி பிடிக்க வேண்டும், காணொளியில் கூட்டமாகத் தெரிய வேண்டும். முடிவெடுக்கும் மேசைக்கு மட்டும் அவர்கள் வேண்டாமா? முகாமில் எடுத்த சிறுவர்களின் முகங்களைப் பெற்றோரிடம் கேட்காமலே அந்தக் காணொளியில் போட்டிருக்கிறோம். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்ற விவரம் தளத்தில் எங்குமே இல்லை. இதைச் சொல்பவனைப் பழையதைக் கட்டிக்கொண்டு அழுபவன் என்றால், ஆம், நான் அழுகிறேன்.

நேற்றிரவும் அந்தப் பழைய இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன், பக்கம் வரவில்லை. மற்றவற்றை மெல்லச் சரிசெய்யுங்கள், 'பேச வேண்டுமா?' பக்கத்தை மட்டும் இந்த வாரத்துக்குள் திரும்ப வைத்துவிடுங்கள். பதில் எழுதும் வேலையை முன்புபோல நானே பார்த்துக்கொள்கிறேன். என் பெயர் எங்கும் வர வேண்டாம்.